'ஐ நோ யூ ரைடர்': பாரிஸ், வெனீட்டா, பிராவிடென்ஸ் ஆகியவற்றில் எதை முதலில் கேட்பது?

கேள்வி: பின்வாசல்_வெயில்

அனைவருக்கும் வணக்கம். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் இசையை நான் கேட்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. 'யூரோப் 72' தொகுப்பின் வழியாகத்தான் உள்ளே வந்தேன். அதில் 'சைனா கேட் சன்ஃப்ளவர்' என்ற அவர்களுடைய சொந்தப் பாடல் முடிவதே தெரியாமல் 'ஐ நோ யூ ரைடர்' என்ற பழைய நாட்டுப்புறப் பாடலுக்குள் நுழைந்துவிடும். இரண்டும் சேர்ந்து பத்தரை நிமிடம். அந்தப் பத்தரை நிமிடத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் 1972 மே 3 அன்று பதிவானது அது. அதைவிடச் சிறந்தது அதே ஆண்டு ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்து வெனீட்டாவில் வாசித்ததுதான் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவரோ 1974-இல் பிராவிடென்ஸில் வாசித்ததைக் கேட்காதவரோடு இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார். 1966 முதல் 1995 வரை இந்தப் பாடலை 500 முறைக்கு மேல் மேடையில் பாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு மலைப்புத்தான் வந்தது. சொற்களும் மெட்டும் ஒன்றாகவே இருக்கும்போது, ஒரு பதிவையும் இன்னொரு பதிவையும் எதை வைத்து வேறுபடுத்திக் கேட்பது? முதலில் கேட்டது என்பதனால் மட்டுமே பாரிஸ் பதிவு எனக்கு உயர்வாகத் தோன்றுகிறதோ என்ற ஐயமும் இருக்கிறது.

மறுமொழி: ஒலிநாடா_பெட்டி

உங்கள் ஐயத்திற்கு ஒரு காரணம் உண்டு. அது உங்கள் செவியின் குறையன்று. 'யூரோப் 72' தொகுப்பில் வாத்தியங்கள் மேடையில் வாசித்தவை, ஆனால் குரல்களில் பெரும்பகுதியை ஐரோப்பியப் பயணம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பாடிச் சேர்த்தார்கள். ஆகையால் அதில் மூன்று குரல்களும் அத்தனை துல்லியமாக இணைவதைக் கொண்டு அன்றைய இரவை அளப்பது சரியாகாது. அந்தப் பயணத்தின் 22 நிகழ்ச்சிகளும் 2011-இல் 73 குறுந்தட்டுகளாக வெளிவந்துவிட்டன; அவற்றில் வேறோர் இரவின் ரைடரைக் கேட்டுப் பாருங்கள். குரல்கள் சற்றுத் தடுமாறும், ஆனால் அந்தத் தடுமாற்றம்தான் மேடையில் நிகழ்ந்தது.

எதை வைத்து ஒப்பிடுவது என்று கேட்டீர்கள். நான் முப்பது ஆண்டுகளாகப் பார்ப்பது இரண்டு பாடல்களுக்கும் நடுவில் உள்ள பாலத்தைத்தான். 1969-இன் பிற்பகுதியில் இவ்விரண்டையும் இணைத்தார்கள். சில இடைவெளிகள் நீங்கலாக, கடைசிவரை அந்த இணை பிரியவில்லை. சைனா கேட் ஜி சுருதியில் நிற்கும், ரைடர் டி சுருதியில் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது, யார் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு தயங்கிப் போகிறார்கள் என்பதை ஒவ்வோர் இரவும் புதிதாகவே தீர்மானித்தார்கள். பாடலின் சொற்கள் மாறுவதில்லை. இந்த வழிதான் மாறுகிறது.

பாரிஸில் வழி குறுகியது, நேரானது. முதலில் பாப் வீரின் கிட்டார் முன்னால் நடக்கிறது, பிறகு ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் அதை வாங்கிக்கொள்கிறது, நீங்கள் எதிர்பார்க்கும் இடத்திற்குச் சற்று முன்னதாகவே பாட்டு வந்துவிடுகிறது. அந்தப் பயணத்தில் கீத் காட்ஷோவின் பியானோவோடு, குழுவின் முதல் விசைப்பலகைக் கலைஞரான பிக்பென்னும் இருந்தார். ஜூன் மாதத்தோடு அவர் மேடையை விட்டு விலகினார். அதனால் ஆகஸ்ட் 27 வெனீட்டா மேடையில் விசைப்பலகை என்றால் கீத்தின் பியானோ மட்டுமே. ஸ்பிரிங்ஃபீல்டு கிரீமரி என்ற பால்பண்ணையின் நிதி நெருக்கடிக்கு உதவுவதற்காக நடந்த நிகழ்ச்சி அது. வெயில் 100 பாரன்ஹீட்டைத் தாண்டி அடித்தது, கிட்டார்கள் சுருதி பிசகிக்கொண்டே இருந்தன. ஆனாலும் நெருக்கடியில் வாசிப்பவர்களுக்கு வருகிற ஒருவகை விடுதலை அன்று அவர்களுக்கு வந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். 2013-இல் 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற பெயரில் ஒலியும் படமுமாக வெளியிட்டார்கள். ஃபில் லெஷின் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். தாளத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, கார்சியாவோடு எதிர்வாதம் செய்துகொண்டே போகிறது அது.

1974 ஜூன் 26 பிராவிடென்ஸ் வேறு உலகம். அந்த ஆண்டு அவர்கள் 'ஒலிச்சுவர்' என்று பெயர்பெற்ற, ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகள் கொண்ட பிரம்மாண்டமான அமைப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதன் எடை 75 டன் என்பார்கள். ஒவ்வொரு வாத்தியத்திற்கும் தனி ஒலிபெருக்கி வரிசை இருந்ததால், ஒன்றின் மேல் ஒன்று படியாமல் எல்லாம் தெளிவாகக் கேட்டது. 1973, 1974 ஆண்டுகளில் இந்தப் பாலத்தின் நடுவே ரசிகர்கள் 'ஃபீலிங் க்ரூவி' என்று அழைக்கும், துள்ளலான ஒரு சிறு பகுதி வழக்கமாக வந்துபோகும். பிராவிடென்ஸிலோ, படிப்படியாகக் கீழிறங்கும் நான்கு ஸ்வரக்கட்டுகளின் (கார்டுகளின்) மேல் நீண்ட நேரம் மிதந்துவிட்டு, இனித் திரும்பவே மாட்டார்கள் என்று நாம் நினைக்கும் கணத்தில் ரைடருக்குள் இறங்குகிறார்கள். இவ்வளவு நீண்ட பாலத்தை இத்தனை பதற்றமில்லாமல் அவர்கள் வேறெங்கும் கடந்ததாக நான் கேட்டதில்லை. பாலத்திற்குப் பிராவிடென்ஸ், பாட்டுக்கு வெனீட்டா, நுழைவாயிலாகப் பாரிஸ் என்பது என் முடிவு.

மறுமொழி: நாட்டார்_செவி

மேலே எழுதிய நண்பர் மிக நுட்பமாக எழுதியிருக்கிறார். ஆனால் கேள்வி ஒரு பாடலைப் பற்றியது. அவர் பதில் அந்தப் பாடலுக்கு வந்து சேரும் வழியைப் பற்றியது. வாசலிலேயே நின்று வீட்டைப் புகழ்வதுபோல் எனக்குப் பட்டது. மன்னிக்கவும்.

இந்தப் பாடல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒப்பீடே வேறாகிவிடும். ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் 1934-இல் வெளியிட்ட அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுப்பில் இது 'வுமன் ப்ளூ' என்ற தலைப்பில் இருக்கிறது. கொலைக் குற்றத்திற்காகச் சிறையில் இருந்த பதினெட்டு வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி மெட்டையும் முதல் சரணத்தையும் பாடினாள் என்று அவர்கள் குறித்திருக்கிறார்கள். மற்றச் சரணங்களைப் பிற இடங்களிலிருந்து சேர்த்திருக்கிறார்கள். அவள் பெயர் அந்தக் குறிப்பில் இல்லை. ப்ளூஸ் வழக்கில் 'ரைடர்' என்றால் காதலன் அல்லது காதலி என்று பொருள். நான் போன பிறகு நீ என்னைத் தேடுவாய் என்பதே பாட்டின் பல்லவி போன்ற வரி. சிறைக்குள் இருக்கும் ஒரு பெண் 'நான் போன பிறகு' என்று பாடும்போது அந்தப் போதல் எங்கே என்று நினைத்துப் பாருங்கள். 1960 வாக்கில் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சிக்காரர்கள் இதை அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துப் புதிதாகப் பாடத் தொடங்கினார்கள். அந்த வட்டத்திலிருந்து வந்தவர்தான் கார்சியா.

ஆகவே நான் பரிந்துரைப்பது இதுவரை யாரும் சொல்லாத ஒரு பதிவை: 1970 மே 2, நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனில் ஹார்பர் கல்லூரி. குழுவின் பழைய மேடைப் பதிவுகளை வெளியிட்ட 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசையின் எட்டாம் தொகுப்பாக வெளிவந்தது. அன்றைய நிகழ்ச்சியின் முதல் பகுதி முழுவதும் மின்னிணைப்பு இல்லாத கிட்டார்களோடு நடந்தது. அதன் தொடக்கத்திலேயே, சைனா கேட் இல்லாமல், பாலம் இல்லாமல், ரைடர் தனியாக வருகிறது. அதற்கு நேர் எதிராக, 1966-இல் அவலான் நடன அரங்கில் பதிவாகி 1970-இல் 'விண்டேஜ் டெட்' என்ற தட்டில் வெளிவந்த வடிவத்தைக் கேளுங்கள்: நடனக் கூட்டத்தை ஆட வைப்பதற்கான வேகம், பொருளைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத இளமை. இவ்விரண்டையும் கேட்டுவிட்டு 1972-க்குப் போனால், ஹார்பரின் நிதானமும் அவலானின் ஓட்டமும் அங்கே ஒன்று கலந்திருப்பது தெரியும்.

மெட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் டி-யை ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டால், பாட்டின் முதல் இரண்டு வரிகளும் ஏறத்தாழ ஹரிகாம்போதியின் ஸ்வரங்களில் நகர்வதைக் காண்பார்கள். மூன்றாம் வரியில் எஃப் ஸ்வரக்கட்டு வரும்போது அந்தர காந்தாரத்தின் இடத்தை அதற்கு அரைப்படி கீழே உள்ள சாதாரண காந்தாரம் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இந்தப் பாட்டின் உயிரே அந்தச் சிறு சரிவில்தான் இருக்கிறது. மின்கிட்டார்களின் ஆரவாரத்தில் எளிதாகத் தவறிப்போகும் அந்தச் சரிவு, ஹார்பரில் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. வடக்கே போகும் ரயிலின் முகப்பு விளக்காக நான் இருக்கக் கூடாதா, கொலராடோ மழைக்குள் ஒளி வீசிக்கொண்டு போவேனே என்று ஏங்கும் சரணத்தை மின்னிசை வடிவங்களில் கார்சியா தனியாகப் பாடுவார். எந்தப் பதிவையும் அந்த ஒரு சரணத்தை வைத்தே எடைபோடலாம். மற்ற இடங்களில் சேர்ந்து ஒலிக்கும் குரல்கள் விலகிக்கொள்ள, அங்கே அவர் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மறுமொழி: பிற்காலப்_பிரியன்

முன்னவர் இருவருக்கும் 1974-க்குப் பிறகு உலகம் நின்றுபோய்விட்டது போலும். அந்த ஆண்டு அக்டோபருக்குப் பின் இந்த இணை மேடையிலிருந்து காணாமல் போனது உண்மைதான். ஆனால் 1977 டிசம்பர் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் அது திரும்பி வந்தது ('டிக்ஸ் பிக்ஸ்' பத்தாம் தொகுப்பு). அதற்குள் மிக்கி ஹார்ட் திரும்பியிருந்ததால் தாளக்காரர்கள் இருவர். 1972-இல் பில் க்ராய்ட்ஸ்மன் ஒருவராக வாசித்தபோது இருந்த வளைவும் நெளிவும் குறைந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். இழந்ததற்கு ஈடாகக் கிடைத்தது கனம்.

1979-இல் வந்த விசைப்பலகைக் கலைஞர் பிரென்ட் மிட்லண்டின் உச்சக்குரல் சேர்ந்த பிறகு கூட்டுக்குரல் வேறொரு நிறம் பெற்றது. 1990-இல் வெளிவந்த 'வித்தவுட் எ நெட்' தொகுப்பில் உள்ள ரைடரைக் கேளுங்கள். 1986-இல் நினைவிழந்து கிடந்து, கிட்டார் வாசிப்பையே கிட்டத்தட்ட மறுபடி கற்றுக்கொண்டு எழுந்து வந்த கார்சியா பாடும் முகப்பு விளக்குச் சரணம் அது. முப்பது வயதில் பாடியபோது அது ஆசையாக இருந்தது. நாற்பத்தெட்டை நெருங்கும்போது அது வேறொன்றாக ஆகிவிடுகிறது. குரல் தேய்ந்துபோயிருக்கிறது என்பார்கள். இந்தப் பாட்டுக்குத் தேய்ந்த குரல் குறையா என்பதை நாட்டார்_செவி அவர்களே சொல்லட்டும்.

மறுமொழி: நாட்டார்_செவி

குறையன்று. அந்தத் தொகுப்பின் குரலை நானும் விரும்பியே கேட்கிறேன். ஆனால் அந்தச் சரணத்தில் அரங்கம் எழுப்பும் ஆரவாரம் எனக்கு இடையூறாக இருக்கிறது. எந்த இடத்தில் கத்த வேண்டும் என்பது கூட்டத்திற்கு முன்கூட்டியே தெரிந்துவிட்ட பிறகு, பாடுபவரும் அதற்காகப் பாடத் தொடங்கிவிடுகிறார்.

மறுமொழி: ஒலிநாடா_பெட்டி

வாசலில் நிற்கிறேன் என்ற குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஹார்பர் பதிவை எடுத்து நேற்றிரவு மறுபடி கேட்டேன்; அந்த மூன்றாம் வரியின் சரிவைப் பற்றிச் சொன்னது சரி. ஆயினும் ஒரு மறுப்பு உண்டு. ஒரு பெயரில்லாத பெண்ணிடமிருந்து புத்தகத்திற்கும், புத்தகத்திலிருந்து கிட்டார்க்காரர்களுக்கும் கைமாறிய பாட்டு இது. சரணங்கள்கூட வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. அப்படிப்பட்ட பாட்டுக்கு முன்னால் இன்னொரு பாட்டை ஒட்டவைத்து, அந்த ஒட்டு இருக்கும் இடத்தையே இசையாக்கியதும் அந்த மரபுக்குள் அடங்குவதுதான். அதனால் பாலத்தைப் பாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுமொழி: பின்வாசல்_வெயில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. முதலில் ஹார்பரையும் அதன் பிறகு வெனீட்டாவையும் கேட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றித் தெரிந்த பிறகு ஹார்பர் பதிவின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இத்தனை நாள் காதலனின் செருக்காக என் காதில் விழுந்துகொண்டிருந்த வரி அது. அதற்குப் பிறகு பாரிஸ் பதிவைப் போட்டால், அதன் உற்சாகம் கொஞ்சம் அதிகமோ என்று முதன்முறையாகத் தோன்றியது. ஆனாலும் வீரிடமிருந்து கார்சியா வாங்கிக்கொள்ளும் அந்த இடத்தை இன்னமும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வெனீட்டாவை லெஷின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்க முயன்றேன். இரண்டாம் நிமிடத்திலேயே தொலைந்துபோனேன். மறுபடி முயல வேண்டும்.

பிராவிடென்ஸை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். 'டிக்ஸ் பிக்ஸ்' பன்னிரண்டாம் தொகுப்பில் சைனா கேட்டிலிருந்து தொடங்கினால் போதுமா?

மறுமொழி: ஒலிநாடா_பெட்டி

போதாது. அதற்கு முன்னால் பெயரில்லாத ஒரு வாசிப்பு தனிப் பகுதியாக இருக்கும். அதிலிருந்துதான் சைனா கேட் முளைக்கிறது. அதைத் தாண்டிச் செல்லாதீர்கள்.