கேப்டவுன் பல்கலைக்கழகம்: கல்விச் சுதந்திரமும் சமூக மாற்றமும் முரண்பட்டவையா?

கேள்வி:
தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகம் நிறவெறி ஆட்சியின் தலையீட்டை எதிர்த்து நின்றது என்று படித்திருக்கிறேன். ஆனால் அதே வளாகத்தில் 2015-இல் பிரிட்டிஷ் குடியேற்ற ஆதிக்கவாதி செசில் ரோட்ஸின் சிலையை அகற்றக் கோரி மாணவர்கள் நிர்வாகத்தையே எதிர்த்துப் போராடினார்கள். இவ்விரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

மறுமொழி 1:
1948-இல் துணைவேந்தரான டி. பி. டேவியிடமிருந்து தொடங்குவது நல்லது. யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது ஆகிய நான்கையும் வெளியார் தலையீடின்றிப் பல்கலைக்கழகமே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கணம். இவற்றுள் நான்காவதன் மீதுதான் அரசு முதலில் கைவைத்தது. 1959-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டத்துக்குப் பிறகு, கறுப்பின மாணவர்கள் அங்கே சேர அமைச்சரின் அனுமதி தேவைப்பட்டது (வாயிலை அடைத்த சட்டத்துக்கு ‘விரிவாக்கம்’ என்று பெயர்!). கேப்டவுன் பல்கலைக்கழகமும் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் இதை வெளிப்படையாகவே எதிர்த்தன.

மறுமொழி 2:
எதிர்த்தது உண்மை; ஆனால் எதைக் காக்க எதிர்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1959-க்கு முன்பு அங்கே சேர்ந்திருந்த மிகச் சில கறுப்பின மாணவர்களுக்கு வகுப்பறை திறந்திருந்ததே தவிர, விடுதியோ நடன நிகழ்ச்சியோ விளையாட்டுக் களமோ திறந்திருக்கவில்லை. இதைவிடக் கசப்பானது 1968-இல் நடந்தது. அங்கேயே படித்த ஆர்ச்சி மஃபேஜேயைச் சமூக மானிடவியலில் முதுநிலை விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அரசு மிரட்டியதும் ஆட்சிக்குழு அந்த நியமனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கறுப்பின ஆசிரியரை நியமிக்கக் கூடாது என்று அப்போது சட்டம் எதுவும் இல்லை. டேவியின் முதல் உரிமையைப் பல்கலைக்கழகம் தானே விட்டுக்கொடுத்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். மாணவர்கள் நிர்வாகக் கட்டடமான ப்ரெம்னரில் ஒன்பது நாள் அமர்ந்து போராடியும் முடிவு மாறவில்லை. மஃபேஜே 2007-இல் காலமானார். அவருடைய குடும்பத்தாரிடம் பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2008-இல்.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால், 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, தலையிடும் அரசே இல்லாத நிலையில், இந்தச் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டாமா?

மறுமொழி 2:
அப்போதுதான் உள்ளே இருந்த கேள்விகள் வெளியே வந்தன. 1998-இல், ஆப்பிரிக்காவைப் பற்றிய அடிப்படைப் பாடத்தை எப்படி அமைப்பது என்பதில் அங்கே பேராசிரியராக இருந்த உகாண்டா அறிஞர் மஹ்மூத் மம்தானிக்கும் சக பேராசிரியர்களுக்கும் மூண்ட மோதலில் அமைச்சர் எவரும் இல்லை. ‘எதைக் கற்பிப்பது’ என்பதைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே யார் முடிவு செய்வது என்பதே சிக்கல். 2015 மார்ச்சில் தொடங்கி, ஏப்ரல் 9-இல் சிலை அகற்றப்பட வழிவகுத்த போராட்டத்தை நான் அதன் தொடர்ச்சியாகவே காண்கிறேன்.

மறுமொழி 1:
மம்தானி விவகாரத்தில் உடன்படுகிறேன். ஆனால் 2016-ஐ விட்டுவிட்டீர்கள். டேவியின் பெயரிலான நினைவுச் சொற்பொழிவுக்கு அழைக்கப்பட்டிருந்த முகமது நபியைப் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்ட டென்மார்க் இதழாசிரியர் ஃப்ளெமிங் ரோஸின் அழைப்பை, வளாகத்தில் மோதல் வெடிக்கலாம் என்ற அச்சத்தையும் காரணமாகக் காட்டி, துணைவேந்தர் ரத்து செய்தார். அழைத்த கல்விச் சுதந்திரக் குழுவோ அதை ஏற்கவில்லை. மஃபேஜேக்கு இழைக்கப்பட்டதோடு இதை நான் ஒப்பிடவில்லை. எனினும், பிறர் மனம் புண்படும் என்பதற்காக ஒரு பேச்சை நிறுத்தும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டால், அடுத்து நிறுத்தப்படுவது மாணவர்களின் பேச்சாகவும் இருக்கலாமே.