டோசுகி என்றால் முதுகு ரம்பம் இல்லை

பல்விரிப்பு:
நேற்று வந்த ஜப்பானிய ரம்பப் பட்டியலில் “டொசுகி = முதுகு ரம்பம்” என்று இருக்கிறது. தப்பு. தகட்டின் முதுகில், அதாவது பல் இல்லாத விளிம்பில், மடித்துப் பொருத்தும் இரும்புக்கு செகனே என்று தனிப்பெயர் உண்டு. ‘டோ’ என்றால் நடுவுடல். மர இணைப்பில் துளைக்குள் இறங்கும் முளைக்கு அடியில் படிபோல் நிற்கும் தோள் இருக்கிறதே, அதுதான் டோசுகி. அந்தத் தோளை அறுக்கும் ரம்பத்துக்கும் அதே பெயர் வந்தது.

மரப்பட்டியல்:
பட்டியல் போட்டவன் நான்தான். ரியோபாவுக்கு இரண்டு பக்கமும் பல், கட்டாபாவுக்கு ஒரு பக்கம். டோசுகிக்கும் ஒரு பக்கம்தான். பிறகு எதை வைத்துப் பிரிப்பது? முதுகை வைத்துத்தான்.

பல்விரிப்பு:
அடையாளம் வேறு, பெயரின் பொருள் வேறு. தோளை அறுப்பது மரத்தின் ரேகைக்குக் குறுக்கே. அதனால்தான் டோசுகிக்கு வழக்கமாக யோக்கோபிக்கி, அதாவது குறுக்கறுப்புப் பல். தகடு 0.3 மி.மீ. அளவுக்கு மெல்லியது, கை ஆடினால் நெளியும். அதைத் தாங்கத்தான் முதுகு. முதுகு மரத்தில் முட்டினால் வெட்டு அங்கேயே நிற்கும். ஆழமாக அறுக்க கட்டாபாதான்.

மரப்பட்டியல்:
டாட்டெபிக்கி பல் வைத்த டோசுகியும் விற்கிறதே! அது ரேகையோடு போவது. அதில் தோள் எங்கே? முதுகு இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

குறில்நெடில்:
முதலில் ‘டொ’வைத் திருத்துங்கள் அண்ணே. ஜப்பானியத்தில் அது நெடில். தமிழில் ஒ, ஓ இரண்டும் இருக்க, ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

மரப்பட்டியல்:
போன மாதமும் என் பதிவில் ஒற்றுப்பிழை பிடிக்கத்தான் வந்தீர்கள். ரம்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

குறில்நெடில்:
எழுதுகிறேன். ‘பிக்கி’ தனிச்சொல் இல்லை, ‘ஹிக்கி’ கூட்டுச்சொல்லில் அப்படி மாறுகிறது. இழுப்பதும் அறுப்பதும் அங்கே ஒரே ஒலி, ‘ஹிக்கு’. எழுத்து மட்டும் வேறு. இது உங்கள் பட்டியலில் இல்லை.

பல்விரிப்பு:
பட்டியலில் அதைவிடப் பெரிய தப்பு, “மழுங்கினால் அரம் போடவும்” என்பது. மாற்றுத் தகடான காயெபாவில் பல் நுனியை மட்டும் நொடியில் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். அரம் வழுக்கும், அரம்தான் பாழாகும். நுனி கருநீலமாக இருந்தால் தொடாதீர்கள். மெட்டாட்டே, அதாவது பல்லை அரத்தால் கூராக்குவது, பழைய வகைத் தகட்டுக்கு. அதற்கும் விளிம்பு மெலிந்த சாய்சதுர அரம் வேண்டும். பல்லின் விரிப்பான அசாரி குறைந்தால் ரம்பம் மரத்தில் பிடிக்கும், கூடினால் தடம் அகன்று வெட்டு அலையும்.

மரப்பட்டியல்:
பேச்சை மாற்றாதீர்கள். முதுகு இல்லாத டோசுகி ஒன்றைக் காட்டுங்கள், பட்டியலை இப்போதே திருத்துகிறேன்.

பல்விரிப்பு:
முதுகுக்கு ஜப்பானியத்தில் ‘செ’. டோசுகியில் ‘செ’ எங்கே இருக்கிறது? அதை நீங்கள் காட்டுங்கள்.

மரப்பட்டியல்:
முதுகில் இருக்கிறது.