பேட்ஜ் கொடுத்த நாளில் மனதில் தைத்தது: உங்கள் அனுபவம்?

பழைய சார்ஜன்ட்

மலேசியாவில் பேராக் பக்கம் ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபையில் பதினோரு ஆண்டுகள் பாய்ஸ் பிரிகேட் (சபைப் பையன்களுக்கான சீருடை இயக்கம்) நடத்தினேன். பேட்ஜ் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலுதவி பேட்ஜ் வாங்க ஒரு பையன் மேடையேறினான். சட்டைக் கையில் ஊக்கு ஏறவில்லை, அழுத்தினேன். துணியோடு தோளிலும் இறங்கிவிட்டது. அவன் மூச்சை ஒருமுறை இழுத்தான், அவ்வளவுதான். பார்வை நேராக, கட்டைவிரல் கால்சட்டைத் தையலில் ஒட்டியபடி. கை கொடுத்தேன், வணக்கம் வைத்தான், திரும்பி நடந்தான். அவன் உட்கார்ந்த பிறகுதான் சட்டைக் கையில் கடுகளவு சிவப்பைப் பார்த்தேன். கொசு கடித்தாலும் அசையாதே என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். முதலுதவிப் பெட்டி மேடைக்குப் பின்னால்தான் இருந்தது. யாரும் திறக்கவில்லை.

கடலோர டீச்சர்

எங்களுடையது பாத்ஃபைண்டர், அட்வென்டிஸ்ட் சபையின் சிறுவர் சிறுமியர் இயக்கம், தூத்துக்குடிப் பக்கம். முடிச்சு ஹானருக்காக (எங்கள் பேட்ஜுக்கு அதுதான் பெயர்) பிள்ளைகள் வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். தோழியோடு வந்த ஒரு கத்தோலிக்கப் பிள்ளை, அப்பா கடலுக்குப் போகிறவர், கயிற்றைக் கையில் வாங்கியதும், "வலை ஊசி இல்லையா டீச்சர்?" என்றாள். பிறகு விரலையே அளவாக வைத்து ஏதோ போட்டாள். அந்த முடிச்சைத் தேடி நான் கையேட்டைப் புரட்டி முடிப்பதற்குள் ஏழு வலைக்கண் போட்டுவிட்டாள். அகப்படவில்லை, அதனால் தவறு என்று குறித்தேன். இரவு கையேட்டுப் படத்தைத் திருப்பிப் பார்த்தால், ஷீட் பெண்ட் என்று போட்டிருந்தது அதே முடிச்சுதான். மறுவாரம் ஹானரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

நங்கூரம்

சார்ஜன்ட் அண்ணன் வீணாக வருந்துகிறார். எங்கள் பிரிகேட் கம்பெனியிலும் (எங்கள் சபைக் குழு) ஒருமுறை இரண்டு பையன்களின் பேட்ஜ் மாறிப்போனது. மறுவாரம் மாற்றிக் கொடுத்தோம், முடிந்தது. ஞாயிறுப் பள்ளியில் பையன்கள் அடங்கவில்லை என்றுதானே வில்லியம் ஸ்மித் 1883 அக்டோபர் 4 அன்று கிளாஸ்கோவில் பிரிகேடைத் தொடங்கினார்? தொண்டர் படையில் அதிகாரியாக இருந்தவர், அங்கே கற்ற அணிவகுப்பை இங்கே கொண்டுவந்தார். எபிரெயர் 6:19-இன் "நிலையும் உறுதியும்" நம் பிரிகேட் சின்னமான நங்கூரத்தோடு சும்மாவா ஒட்டிக்கொண்டிருக்கிறது? அந்தப் பையன் நின்றது பயிற்சியின் வெற்றி.

இனி ஊக்கு வைத்த பேட்ஜே வேண்டாம். துணி பேட்ஜ் வாங்குங்கள், மேடையில் கையில் கொடுங்கள், வீட்டில் அம்மா தைக்கட்டும். முந்தின இரவே பட்டியலையும் பேட்ஜையும் இருவர் உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். பாடம் நடத்தியவரே பரீட்சையும் வைக்க வேண்டாம், சொந்தப் பிள்ளை பாசம் வந்துவிடும். டீச்சருக்கும் ஒன்று: முடிச்சுப் பரீட்சைக்கு ஒரு மீனவரைக் கூட்டி வாருங்கள், ஒரு தேநீர்ச் செலவுதான். வருகைப் பதிவைப் பென்சிலில் எழுதாதீர்கள். பேட்ஜ் நாளை டிசம்பரில் வைக்காதீர்கள், பாடகர் குழு மண்டபத்தை விடாது.

பழைய சார்ஜன்ட்

தம்பி, நான் யோசனை கேட்கவில்லை. ஸ்மித் வரலாற்றை நானும் பதினோரு ஆண்டுகள் பாடமாக நடத்தியவன்தான்.

கடைசி வரிசை

நங்கூரம் ஐயா சொல்வது கீழே உட்கார்ந்து பார்ப்பவரின் கணக்கு. மேலே நிற்கும் பையன் ஸ்மித்தை நினைப்பதில்லை. அணிவகுப்பு பேட்ஜ் வாங்கிய அன்று நான் போட்டிருந்தது அண்ணனின் பழைய ஷூ. முனையில் செய்தித்தாள் திணித்திருந்தேன். மேடைப் படியில் இடது ஷூவின் அடி பிரிந்தது. அசைந்தால் வாய் பிளந்து காகிதம் வெளியே வரும். மரம் போல நின்றேன். "இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று கேப்டன் மைக்கில் சொன்னார். இறங்கும்போது காலை இழுத்து இழுத்து நடந்தேன், அதையும் ஏதோ ராணுவ நடை என்று நினைத்தார்களோ என்னவோ, கைதட்டினார்கள்.

சார்ஜன்ட் ஐயா, அந்தப் பையன் ஏன் அசையவில்லை என்று பிறகாவது கேட்டீர்களா?

பழைய சார்ஜன்ட்

இல்லை. இப்போது லாரி ஓட்டுகிறான். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வீட்டுக்கு வருவான், முறுக்கு ஒரு டப்பா காலியாகும். கேட்க வாயெடுப்பேன், அதற்குள் பிள்ளைகளின் படத்தைக் காட்ட ஆரம்பித்துவிடுவான்.