பிடிஎஸ்டி: மாத்திரையா, தெரபியா?

கேள்வி: பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) உறுதியான ஒருவருக்கு செர்ட்ராலின் (மனச்சோர்வுக்கும் தரப்படும் மாத்திரை) எழுதியிருக்கிறார்கள், தெரபிக்கும் போகச் சொல்கிறார்கள். மாத்திரை மட்டும் போதாதா? தூக்கத்துக்கு அல்பிரசோலம் (பதற்றம் தணிக்கும் மாத்திரை) சேர்க்கலாமா?

பதில் 1: இரண்டும் கிடைக்கிறதென்றால் தெரபிதான் முதலில். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு அறிகுறிகள் திரும்பும். தெரபியின் பலன் பெரும்பாலும் நிலைக்கும். ஆனால் சும்மா மனம்விட்டுப் பேசுவது இதில் சேராது. ப்ரொலாங்டு எக்ஸ்போஷர் (அதிர்ச்சி நினைவைத் தவிர்க்காமல் எதிர்கொள்ளவைக்கும் தெரபி) என்றால் 90 நிமிட அமர்வுகள், 8 முதல் 15 வரை. கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். அந்த ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்கவேண்டும். தொடக்கத்தில் சிலருக்குப் படபடப்பும் கெட்ட கனவும் கூடும். தெரபிஸ்ட் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆள் பாதியில் நின்றுவிடுவார்.

பதில் 2: அல்பிரசோலம் வேண்டவே வேண்டாம். பிடிஎஸ்டிக்கு அது உதவாது, பழக்கமாகிவிடும், தெரபியின் பலனையும் குறைக்கலாம். ஏற்கெனவே தினமும் எடுப்பவர் மட்டும் சட்டென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். செர்ட்ராலின் வழக்கமாக 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 50. தேவைப்பட்டால் படிப்படியாக 200 வரை. குமட்டல் முதல் வாரமே வரும், பலன் தெரிய 4–6 வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் “வேலை செய்யல” என்று தூக்கிப்போடுகிறார்கள்.

பதில் 3: கெட்ட கனவுதான் பிரச்சினை என்றால் பிரசோசின் (ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். படுக்கும்போது 1 மி.கி.யில் தொடங்குவார்கள். முதல் டோஸுக்குப் பின் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். கடும் மனச்சோர்வும் இருந்தால் மாத்திரை, தெரபி இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.