ஆல்போ மான்ஸ்டெரா: பாட்டிலில் வந்த குருத்தெல்லாம் பச்சை, ஏன்?

மாடிச்செடி_கோவை:
பச்சையும் வெள்ளையும் கலந்த இலை விடும் மான்ஸ்டெரா செடிதான் ஆல்போ. இரண்டு வருடம் வளர்த்த என் ஆல்போவிலிருந்து, வீட்டிலேயே திசு வளர்ப்பு செய்து பார்க்க 6 கணு வெட்டினேன். (என்ன விலைக்கு வாங்கினேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.) ப்ளீச்சில் ஊறவைத்து, அம்மாவின் குக்கரில் அவித்த எம்.எஸ். ஊடகத்தில் (திசு வளர்ப்புக்கான சத்துக்கூழ்), லிட்டருக்கு 2 மில்லிகிராம் பி.ஏ.பி. என்ற குருத்துத் தூண்டும் மருந்து கலந்து, ஊறுகாய் பாட்டில்களில் வைத்தேன். நாலு பாட்டில் ஐந்தாம் நாளே பூஞ்சணம் பிடித்துப் போச்சு. மீதி இரண்டில் அடிப்பக்கம் கட்டி மாதிரி வீங்கி 11 குருத்து வந்தது. பத்து முழுப் பச்சை, ஒன்று முழு வெள்ளை. கலப்பு நிறம் ஒன்றுகூட இல்லை. மருந்து கூடிவிட்டதா?

வெட்டுமேசை:
தம்பி, ஜி-9 ரக வாழைக்கன்றைத் திசு வளர்ப்பில் தயாரிக்கும் கூடத்தில் 11 வருடம் கத்தி பிடித்தவள் நான். செடியின் பிறவியே அப்படி. ஆல்போவில் பச்சை செல்லும் வெள்ளை செல்லும் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருக்கின்றன. குருத்து நுனி இரண்டையும் சேர்த்துக்கொண்டு வளரும்வரை கலப்பு இலை வரும். நீங்கள் சொல்லும் கட்டியிலிருந்து வரும் குருத்து ஓரிரு செல்லிலிருந்தே கிளம்பும். அந்த செல் எந்தக் குடும்பமோ, குருத்தும் அதுவே. மருந்தைக் குறைத்தால் கட்டி குறையும், கணுவில் இருக்கும் மொட்டே நேராக வளரலாம். ஆனாலும் நிச்சயமில்லை. 'தாய் கான்ஸ்டெல்லேஷன்' (Thai Constellation) என்ற புள்ளி இலை மான்ஸ்டெரா வேறு கதை. அதன் புள்ளி ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் குணம், அதனால்தான் ஆய்வகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறது. ஆல்போவுக்குக் கணுவை வெட்டி ஸ்பேக்னம் பாசியில் வைப்பதே நல்லது.

அந்த வெள்ளைக் குருத்தை நம்பாதீர்கள். ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை இருப்பதால் உயிரோடு இருக்கிறது. வெளியே வந்தால், உணவு தயாரிக்கப் பச்சையம் இல்லாமல் பட்டினி.

பூஞ்சணம் எங்கே முளைத்தது? துண்டின் மேலா, தள்ளி ஊடகத்திலா?

மாடிச்செடி_கோவை:
தள்ளித்தான் அக்கா. ஓரத்தில், பச்சையாகப் பொடி மாதிரி.

வெட்டுமேசை:
அப்படியென்றால் ப்ளீச் தன் வேலையைச் செய்திருக்கிறது. காற்றில் வந்தது, இல்லை குக்கர் போதவில்லை. அடுத்த முறை இரண்டு பாட்டிலில் செடி வைக்காமல், திறக்காமல் ஒரு வாரம் வையுங்கள். அதிலும் பூத்தால் குக்கர்தான். விசிலை எண்ணாதீர்கள், நன்றாக ஆவி ஏறியபின் சிறு தீயில் 20 நிமிடம்.

ஆர்க்கிட்_பித்து:
ஒரு சந்தேகம். நடும்போது ஃபேன் ஓடியதா?

மாடிச்செடி_கோவை:
ஏப்ரல் மாதம் சார். ஓடியது.

வெட்டுமேசை:
சரி, குக்கர் தப்பித்தது! பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் கை நுழைய இரண்டு ஓட்டை போட்டு, அதற்குள் நடுங்கள்.

மாடிச்செடி_கோவை:
பச்சை பத்தையும் தூக்கிப் போடவா?

வெட்டுமேசை:
ஐயோ, ஏன்? வேர் விட்டதும், ஒட்டியிருக்கும் அகர் கூழை நன்றாகக் கழுவிவிட்டு மூடிய டப்பாவில் வையுங்கள். பாட்டில் இலைக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாது; மூன்று நான்கு வாரம் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஆல்போ என்று சொல்லி மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.