தாமஸ் பிக்கரிங்: தேதிக் குழப்பம், பதவிக் குழப்பம்

காலாங்கரை:
வணக்கம். பல்கலைக்கழகத்தில் அனைத்துலக உறவுகள் பாடத்துக்கு 12 நிமிடப் படைப்பு செய்ய வேண்டும். எடுத்துக்கொண்டவர் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் பிக்கரிங். ஏழு தூதர் பதவிகள்: ஜோர்தான், நைஜீரியா, எல் சால்வடார், இஸ்ரேல், ஐநா, இந்தியா, ரஷ்யா. மூன்று சந்தேகம். நியமன ஆண்டு இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது? 'கெரியர் அம்பாசடர்' என்றால் தூதர்தானே, அவர் பெயரோடு அதைத் தனியாக ஏன் போடுகிறார்கள்? டில்லியில் ஓராண்டுகூட இல்லையே, பதவி இறக்கமா?

தேக்கா72:
தேதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அமெரிக்கத் தூதர் நியமனத்தில் நாலைந்து கட்டம் உண்டு. போகவிருக்கும் நாட்டிடம் முதலில் சத்தமில்லாமல் சம்மதம் கேட்பார்கள். இதற்கு அக்ரேமான் என்று பெயர். 1961 வியன்னா உடன்பாட்டின் 4ஆம் பிரிவுப்படி, மறுக்கும் நாடு காரணம் சொல்லத் தேவையில்லை. அப்புறம் செனட் வெளியுறவுக் குழுவில் விசாரணை, முழு செனட்டின் ஒப்புதல், பதவிப் பிரமாணம். கடைசியில் அந்த நாட்டுத் தலைவரிடம் நற்சான்றுப் பத்திரம் கொடுப்பது. நம்ம சிங்கப்பூரில் அது அதிபர் மாளிகையான இஸ்தானாவில் நடக்கும்.

உங்கள் ஸ்லைடில் இந்தக் கடைசித் தேதியையே எல்லாப் பதவிக்கும் போடுங்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சின் வரலாற்றுப் பிரிவு நியமனம், பத்திரம் கொடுத்தது, பணி முடிந்தது என்று மூன்றையும் தனித்தனியாகத் தருகிறது. ஒருவருக்கு நியமனத் தேதி, அடுத்தவருக்குப் பத்திரத் தேதி என்று கலந்தால் நாற்காலி காலியாக இருந்ததுபோலத் தெரியும்.

நிஜமாகவே காலியாக இருப்பதும் உண்டு. இங்கே 2017 ஜனவரியில் அமெரிக்கத் தூதர் கிளம்பினார், அடுத்தவர் வந்தது 2021 டிசம்பரில். நடுவில் இடைக்காலப் பொறுப்பாளர்கள்தான். நேப்பியர் சாலைத் தூதரகத்தில் அதற்காக விசா வரிசை நின்றுபோகவில்லை!

புக்கிட்_வாசகன்:
தூதர் என்பது பொறுப்பு, கெரியர் அம்பாசடர் என்பது தரநிலை. அமெரிக்க வெளியுறவுச் சேவையின் மேல்மட்டத்தில் நான்கு படி: கவுன்சிலர், மினிஸ்டர் கவுன்சிலர், கெரியர் மினிஸ்டர், கெரியர் அம்பாசடர். கடைசிப் படி ராணுவத்தின் நான்கு நட்சத்திர ஜெனரலுக்குச் சமம், மிகச் சிலருக்கே கிடைக்கும். குறித்த காலத்துக்குள் மேலே ஏறாதவர் வெளியேற வேண்டும் என்ற விதியும் அந்தச் சேவையில் உண்டு.

இதற்கு மாறாக, வெளியிலிருந்து அதிபர் நேரே கொண்டுவருபவரும் தூதராகலாம். 2021இல் இங்கே வந்த ஜொனதன் கப்லான் ஃப்ளிப் வீடியோ கேமரா தயாரித்த தொழில்முனைவர். அவரும் முழுத் தூதர்தான். இந்தத் தரநிலை மட்டும் சேவைக்குள் வளர்ந்தவர்களுக்கே.

தெம்பனிஸ்_நூலகம்:
தேக்கா72 சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஐநா பதவிக்கு அக்ரேமான் கிடையாது. பத்திரம் போவது பொதுச் செயலாளரிடம். ஆகவே ஏழு பெட்டிகளையும் ஒரே மாதிரி வரையாதீர்கள்.

டில்லி பதவி இறக்கம் இல்லை. 1993இல் கிளின்டன் ஆட்சி வந்ததும் அவரை மாஸ்கோவுக்கு அனுப்பியது. சோவியத் உடைந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. 1960களின் தொடக்கத்திலேயே ஜெனிவாவில் சோவியத்தும் இருந்த பதினெட்டு நாட்டு ஆயுதக் குறைப்பு மாநாட்டில் வேலை பார்த்தவர் அவர். இந்தக் கண்ணியை விட்டால் மாஸ்கோ நியமனம் புரியாது.

என் கருத்தில் உங்கள் நேரத்தில் பாதியை இரண்டு இடங்களுக்குக் கொடுங்கள். ஒன்று எல் சால்வடார். 1984 தேர்தலில் அவர் அங்கிருந்த அதிபர் வேட்பாளர் டுவார்ட்டேவுக்குச் சாய்ந்தார் என்று சொல்லி, செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அவரைத் திருப்பி அழைக்கச் சொன்னார். அதே காலத்தில் அங்கிருந்த வலதுசாரிகள் அவரைக் கொல்லத் திட்டமிட்டது தெரிந்து, அவர்களை எச்சரிக்க வாஷிங்டன் சிறப்புத் தூதர் வெர்னன் வால்டர்ஸை அனுப்பியது. சொந்த நாட்டு செனட்டரும் எதிர்ப்பு, போன நாட்டுத் துப்பாக்கியும் எதிர்ப்பு.

இன்னொன்று ஐநா. குவைத்துக்குள் ஈராக் நுழைந்ததும் பாதுகாப்பு அவையில் 1990 ஆகஸ்ட் 2இல் 660ஆம் தீர்மானம், நவம்பர் 29இல் படைபலத்துக்கு வழிவிட்ட 678, ஆக ஈராக் மீது 12 தீர்மானங்கள். 678க்கு ஆதரவு 12, எதிர்ப்பு கியூபாவும் ஏமனும்; சீனா வாக்களிக்காமல் விலகியது. அன்று அவைக்குத் தலைமை வகித்தவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர். படத்தில் அவர்தான் முன்னால் இருப்பார், அதைப் பார்த்து பிக்கரிங்கின் பங்கைக் குறைத்துவிடாதீர்கள்.

காலாங்கரை:
நன்றி. மாஸ்கோவுக்குப் பின் என்ன போடுவது?

தெம்பனிஸ்_நூலகம்:
1997 முதல் 2000 வரை வெளியுறவு அமைச்சில் அரசியல் விவகாரங்களுக்கான துணைச் செயலாளர், பிறகு போயிங் விமான நிறுவனத்தில் வேலை. 2012இல், லிபியாவின் பெங்காசியில் அமெரிக்க அலுவலகம் மீது நடந்த தாக்குதலை விசாரித்த குழுவின் தலைவர். ஒரே ஸ்லைடு போதும்.