இழையா, சரமா, தந்தியா?

அடிப்படைத் துகள்களைப் புள்ளிகளாகக் கொள்ளாமல், அதிரும் நுண்ணிய நூல் போன்றவையாகக் கொள்ளும் இயற்பியல் கோட்பாடு string theory. அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே கேள்வி. 'சரக் கோட்பாடு' என்பதை முன்மொழிந்தவர்கள், கணினித் துறையில் சரம் என்ற சொல் நிலைபெற்றுவிட்டதைக் காரணமாகக் காட்டுகின்றனர். எனக்கு அதுவே தடையாகப் படுகிறது. பூவையோ மணியையோ கோத்தால்தான் சரம். எழுத்துகளின் தொடருக்கு அப்பெயர் பொருந்துவதும் அதனால்தான். இக்கோட்பாடு கூறும் அடிப்படைப் பொருளோ எவற்றைக் கோத்தும் ஆனதன்று. எலக்ட்ரான், குவார்க் போன்ற அடிப்படைத் துகள்கள் அதன் வெவ்வேறு அதிர்வுநிலைகளே.

'தந்தி'க்கு வலுவான நியாயம் உண்டு. அதிர்வும் இழுவிசையும் அச்சொல்லோடு இயல்பாகவே வருகின்றன. ஆனால் தந்தி என்றதும் இருமுனையும் கட்டப்பட்ட ஒன்றே நினைவுக்கு வருகிறது. இங்கோ முனையே இல்லாத மூடிய வடிவம்தான் முதன்மையானது. 1968இல் இயற்பியலாளர் வெனிசியானோ தந்த சூத்திரத்திலிருந்து வளர்ந்த இக்கோட்பாடு, முதலில் அணுக்கருவின் வல்விசையை விளக்கவே முயன்றது. அதில் நிறையற்ற, தற்சுழற்சி (spin) 2 உடைய துகள் ஒன்று வேண்டாத விருந்தாளியாக வந்துகொண்டே இருந்தது. மூடிய வடிவின் அதிர்வாகிய அத்துகளே ஈர்ப்பு விசையைக் கடத்தும் கிராவிட்டான் என்று 1974இல் இயற்பியலாளர்கள் ஷெர்க்கும் ஷ்வார்ட்ஸும், தனியே யோனேயாவும் காட்டிய பிறகே இது குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாட்டுக்கான தேடலாக மாறியது. அந்தத் திருப்பத்தைச் சொல்ல 'மூடிய தந்தி' உதவாது. 'மூடிய இழை', 'திறந்த இழை' இரண்டும் இடறாமல் நிற்கின்றன. ஆதலால் என் தேர்வு இழைக் கோட்பாடு. மீக்கடத்தியைப் (superconductor) பின்பற்றி, superstring என்பதை மீயிழை என்றும் தொடரலாம். ஒளியிழையோடு குழம்பும் என்ற அச்சம் மிகை. சூழலே அதைத் தீர்த்துவிடும்.

காலவெளியில் துகளின் பாதையை 'உலகக்கோடு' (world line) என்பதால், இழை அங்கே வரையும் பரப்பை (worldsheet) 'உலகப்பரப்பு' என்று ஒருவர் எழுதியுள்ளார். அது புவியியல் பாடம்போல் ஒலிக்கிறது. 'தடப்பரப்பு' எனலாம். இச்சொல்லில் கவனம் தேவை: புள்ளித்துகள்கள் ஓரிடத்தில் முட்டிப் பிரிவதாகக் கொண்டு ஈர்ப்பைக் கணக்கிட்டால் கட்டுக்கடங்காத முடிவிலிகள் எழுகின்றன, இழைகள் இணையும்போதோ அவற்றின் தடப்பரப்பு மடிப்பின்றித் தொடர்வதால், இடைவினை ஒரு புள்ளியில் குவிவதில்லை. 'பரப்பு' என்ற பகுதியை இழந்துவிட்டால் இவ்விளக்கமே நழுவிவிடும்.

இக்கோட்பாட்டில் இழையோடு வரும், வெவ்வேறு பரிமாணங்கள் கொண்ட பொருளான பிரேனுக்குச் (brane) 'சவ்வு', 'படலம்' இரண்டுமே வேண்டா. இரண்டும் இருபரிமாணத்தையே குறிக்கின்றன. திறந்த இழைகளின் முனைகள் பதியும் டி-பிரேன்கள் (D-brane) என்ற வகையோ பரிமாணமற்ற புள்ளியாகவும் இருக்கலாம், ஒன்பது பரிமாண வெளி முழுவதும் பரந்தும் இருக்கலாம். இப்போதைக்கு பிரேன் என்றே ஒலிபெயர்த்து வைப்போம்.